முந்தி விண்ணப்பிப்பதா, பொறுத்து விண்ணப்பிப்பதா?

(நூற்றாண்டு விழாவையொட்டித் தாய்ச்சங்கமும் வெளிநாட்டுக் கிளைச் சங்கங்களும் இணைந்து நடத்திய இணையவழிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. உரையாளர் ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் வழிகாட்டல் ஆலோசகராகப் பணிபுரியும் பழைய மாணவி.)



நூற்றாண்டு காணும் எங்கள் கல்லூரியின் சார்பில் பேசக் கிடைத்ததை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன். இந்த நூறு ஆண்டுகளில் பல்கலைக்கழகம் என்ற சொல்லே எங்களுக்கு எவ்வளவோ மாறிவிட்டது. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குத்தான் மாணவரைத் தயார்ப்படுத்தியது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் வந்தது. யாழ்ப்பாண வளாகம் 1974 இல் வந்தது. இன்று எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல நாடுகளில் இருந்து ஹார்வார்ட், பிரவுண், எம்.ஐ.ரி. என்று விண்ணப்பிக்கிறார்கள். கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளைகளிலும் சிலர் விண்ணப்பிக்கிறார்கள்.

ஓகஸ்ட் பிறந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "மகள் ஏர்லியாப் போடட்டோ, ரெகுலராப் போடட்டோ?" ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதனால் இன்று கொஞ்சம் விரிவாகக் கதைக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாங்கள் வளர்ந்த முறையில் எல்லோருக்கும் ஒரே உயர்தரப் பரீட்சை. பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரே விண்ணப்பம். விருப்ப ஒழுங்கில் பாடநெறிகளை எழுதுவோம். இசட் புள்ளியும் மாவட்டத்து வெட்டுப்புள்ளியும் மிச்சத்தைத் தீர்மானிக்கும். அங்கே முந்தினவருக்கும் பிந்தினவருக்கும் வித்தியாசமில்லை. ஆகவே 'ஏர்லி' என்றதும், சுறுசுறுப்பான பிள்ளை வேளைக்கே அனுப்புகிறாள் என்றுதான் எங்கள் பெற்றோர் விளங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் முக்கியமான வேறுபாடு நாளில் இல்லை. அந்த விண்ணப்பம் எங்களைக் கட்டுகிறதா, கட்டவில்லையா என்பதில்தான் இருக்கிறது.

அங்கே பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, 'ஏர்லி டிசிசன்'. நான் இதைக் கட்டுப்படும் முன்விண்ணப்பம் என்று சொல்லுவேன். பெரும்பாலும் நவம்பர் 1 ஆம் திகதிக்குள் ஒரேயொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். டிசம்பர் நடுப்பகுதியில் முடிவு வரும். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன், மற்ற விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் மீளப் பெறுவேன் என்று முன்னதாகவே கையொப்பமிட வேண்டும். பிரவுண், கொலம்பியா, கோர்னெல், டார்ட்மத், பென்சில்வேனியா, டியூக், நோர்த்வெஸ்டேர்ன் போன்றவை இந்த முறையை வைத்திருக்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் ஜனவரித் தொடக்கத்தில் இதே ஒப்பந்தத்துடன் இரண்டாம் சுற்று ஒன்றையும் நடத்துகின்றன. அதன் முடிவு பெப்ரவரி நடுப்பகுதியில் வரும்.

இரண்டாவது, 'ஏர்லி அக்சன்'. இது கட்டுப்படாத முன்விண்ணப்பம். முடிவு வேளைக்கே வரும். ஆனால் மே 1 ஆம் திகதி வரை யோசித்துப் பதில் சொல்லலாம். எம்.ஐ.ரி. இந்த வகை. ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்ரான்ஃபோர்ட் ஆகியவற்றில் ஒரு நிபந்தனை உண்டு. அங்கே முன்கூட்டி விண்ணப்பிக்கும் பிள்ளை வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது. அரச பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கத் தடையில்லை. கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, வழமையான விண்ணப்பம். ஜனவரி முதல் நாட்களில் முடிவுத் திகதி. மார்ச் கடைசியில் முடிவு. மே 1 இல் பதில். கலிபோர்னியா அரச பல்கலைக்கழகங்கள் போன்றவற்றில் முன்விண்ணப்பம் என்பதே கிடையாது. எல்லோருக்கும் ஒரே காலம்தான்.

இனி எல்லோரும் கேட்கும் விடயம். முந்தி விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது இலகுவா?

எண்களைப் பார்த்தால் ஆம் என்றுதான் தோன்றும். 2024 இல் பிரவுண் பல்கலைக்கழகத்தில் நுழைந்த வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். கட்டுப்படும் முன்விண்ணப்பம் அனுப்பியவர்கள் ஏறத்தாழ 6,250 பேர். அவர்களில் 898 பேருக்கு இடம் கிடைத்தது. அதாவது நூற்றுக்குப் பதினான்கு. வழமையான முறையில் வந்தவர்களுக்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. முதலாம் வருட வகுப்பின் மொத்த இடங்கள் ஏறத்தாழ 1,700 தான் என்பதை நினைத்தால், பாதிக்கு மேற்பட்ட கதிரைகள் டிசம்பரிலேயே நிரம்பிவிட்டன.

ஆனால் எம்.ஐ.ரி.யைப் பாருங்கள். அதே வருடம் முன்விண்ணப்பத்தில் நூற்றுக்கு ஐந்து அளவில், மொத்தத்தில் நான்கரை அளவில். வித்தியாசம் சொற்பம். காரணம் விளங்கக்கூடியதுதான். எம்.ஐ.ரி.க்கு முந்தி விண்ணப்பிக்கும் பிள்ளை வருவாள் என்று எந்த உறுதியும் கொடுப்பதில்லை. பிரவுணுக்கு முந்தி விண்ணப்பிப்பவள் கையொப்பமிட்டு உறுதி கொடுக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு இந்த உறுதி பெறுமதியானது. எத்தனை கதிரைகள் நிரம்பும் என்று நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. அந்த உறுதிக்கு விலையாகத்தான் கொஞ்சம் கூடுதலான வாய்ப்பைக் கொடுக்கிறது.

இந்த எண்களை அப்படியே நம்பவும் கூடாது. பயிற்றுநர்கள் முன்பே தெரிந்தெடுத்த விளையாட்டு வீரர்கள், பெற்றோர் அதே பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் எனப் பலர் இந்தச் சுற்றிலேயே வருகிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்தப் பதினான்கு. அவெரி, ஃபெயார்பாங்க்ஸ், செக்ஹவுசர் என்ற மூவர் 2003 இல் வெளியிட்ட நூலில் இப்படியானவற்றைக் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும், முந்தி விண்ணப்பிப்பதன் அனுகூலம் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் 100 புள்ளி கூட எடுப்பதற்குச் சமமாக இருந்தது. ஆகவே அனுகூலம் உண்மை. ஆனால் வெளியே தெரிகிற அளவுக்குப் பெரிதல்ல. தகுதி போதாத விண்ணப்பத்தை அது தூக்கி நிறுத்தாது.

இது நியாயமா என்று அமெரிக்கர்களே கேட்டிருக்கிறார்கள். 2006 இல் ஹார்வார்ட், பிரின்ஸ்டன், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் மூன்றும் முன்விண்ணப்பத்தை நிறுத்துவதாக அறிவித்தன. வசதியும் வழிகாட்டலும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அது உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன முக்கிய காரணம். மற்றப் பல்கலைக்கழகங்கள் பின்தொடரவில்லை. 2011 இல் மூன்றும் பழையபடி முன்விண்ணப்பத்துக்குத் திரும்பிவிட்டன. முறை மாறும் என்று காத்திருக்காமல், இருக்கிற முறையை விளங்கி நடப்பதே எங்களுக்குள்ள வழி.

இப்போது பணத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பங்களில் இதைப் பிள்ளைக்கு முன்னால் கதைக்க எல்லோருக்கும் கூச்சம். ஆனால் இந்த முடிவில் தொண்ணூறு வீதம் பணம்தான்.

இப்படியான தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வருடச் செலவு 80,000 டொலரைத் தாண்டிவிட்டது. சிலவற்றில் 90,000ஐயும் தாண்டிவிட்டது. அது நான்கு வருடத்துக்கு. வழமையான முறையில் விண்ணப்பித்த பிள்ளையின் கையில் ஏப்ரலில் இரண்டு மூன்று அனுமதிக் கடிதங்களும் அவற்றோடு நிதியுதவிக் கணக்குகளும் இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதில் மீளாய்வு கேட்கலாம். கட்டுப்படும் முன்விண்ணப்பத்தில் ஒரே ஒரு கணக்குத்தான் வரும். ஒப்பிட வேறொன்றும் இல்லை. புடவைக் கடையில் விலை கேட்க முன்னமே "எடுத்திட்டேன்" என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான்.

ஆகவே கையொப்பமிட முன்னர் செய்ய வேண்டியவை சில உண்டு.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலும் உங்கள் குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று மதிப்பிடும் கணிப்பான் இருக்கிறது. 2011 இலிருந்து அமெரிக்கச் சட்டப்படி அது இருக்கவே வேண்டும். தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாக இருந்து வரிப் பத்திரங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்து பாருங்கள். அது அமெரிக்க மாணவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கணிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். அந்த அலுவலகம் இருப்பதே அதற்காகத்தான்.

எங்கள் குடும்பக் கணக்குகள் அவர்களுடைய படிவத்துக்குள் இலகுவில் அடங்காது. ஊரில் வயதான அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் காசு, தங்கச்சியின் பிள்ளையின் படிப்புச் செலவு, இரண்டு குடும்பம் சேர்ந்து கட்டும் வீட்டுக் கடன், இவையெல்லாம் படிவத்தின் பெட்டிகளில் வராது. ஆனால் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதிப் படிவத்தில் விசேட நிலைமைகளை எழுத ஓரிடம் உண்டு. அதில் எழுதுங்கள். காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகளை எடுத்து வையுங்கள். கணக்கில் எடுப்பதும் விடுவதும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. எழுதாததை அவர்களால் எடுக்கவே முடியாது.

பிள்ளையின் பிரசாவுரிமையும் முக்கியம். ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., அமர்ஸ்ட், டார்ட்மத், போடின் போன்ற சில இடங்களில் மட்டும்தான், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வசதி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் தெரிவு செய்கிறார்கள். தேவையான உதவியையும் முழுதாகக் கொடுக்கிறார்கள். வேறு பல இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளை நிதியுதவி கேட்டால், அது தெரிவையே பாதிக்கும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் இந்த விடயத்தில் கனடியப் பிரசைகளையும் அமெரிக்கப் பிரசைகளைப் போலவே நடத்துகிறது. ரொறன்ரோவில் இருக்கும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "முதலில் இடம் கிடைக்கட்டும், உதவியைப் பிறகு கேட்கலாம்" என்று சிலர் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். விண்ணப்பிக்கும்போது உதவி வேண்டாம் என்று எழுதிய வெளிநாட்டு மாணவருக்குப் பின்னைய வருடங்களில் உதவி கேட்க உரிமையே இல்லை என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன.

கட்டுப்படும் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. கொடுக்கும் நிதியுதவியோடு குடும்பத்தால் உண்மையிலேயே சமாளிக்க முடியாவிட்டால், முதலில் மீளாய்வு கேட்டு, அதன்பின் விலகலாம். அது நேர்மையான வழி. ஆனால் டிசம்பர் நடுப்பகுதிக்கும் ஜனவரி முதல் நாட்களுக்கும் இடையில் இருப்பது இரண்டே கிழமை. அதற்குள் மற்ற இடங்களுக்குக் கட்டுரைகள் எழுதி அனுப்ப வேண்டும். ஆகவே முந்தி விண்ணப்பித்த பிள்ளையும் மற்ற விண்ணப்பங்களை டிசம்பருக்கு முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும். மறுப்பு வந்தாலும் அதே நிலைதான்.

அடுத்தது கையொப்பம் பற்றிய விடயம். பழைய மாணவிகள் என்ற முறையில் நாங்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய இடம் இது.

கட்டுப்படும் ஒப்பந்தத்தில் மூன்று கையொப்பங்கள் உண்டு. பிள்ளையுடையது ஒன்று. தாய் அல்லது தகப்பனுடையது ஒன்று. மூன்றாவது பாடசாலையுடையது. அமெரிக்காவில் என்னைப் போன்ற ஆலோசகர் இடுவார். எங்கள் ஊரில் அந்தப் பதவி இல்லாத பாடசாலையில் அதிபரோ பொறுப்பாசிரியரோ இட வேண்டி வரும். சட்டத்தில் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் ஒரு பிள்ளை, சரியான காரணம் இல்லாமல், கூடக் காசு தரும் இடத்தைக் கண்டு விலகினால், அந்தப் பல்கலைக்கழகம் அடுத்த வருடம் அதே பாடசாலையின் கையொப்பத்தை எப்படி நம்பும்? அங்கிருந்து விண்ணப்பிக்கும் அடுத்த பிள்ளை, முன்னவள் யாரென்றே தெரியாமல், அந்தச் சந்தேகத்தைச் சுமப்பாள். எங்கள் கல்லூரியின் பெயர் நூறு வருடமாகப் பலர் கட்டிக் காத்த பெயர். அதை ஒரு படிவத்தில் வைத்துத் தருகிறோம் என்ற எண்ணம் குடும்பத்துக்கு இருக்க வேண்டும். அதிபர் அவர்களிடமும் பணிவாக ஒன்று கேட்கிறேன். பெற்றோரை அழைத்து, இந்த ஒப்பந்தம் என்ன என்று தமிழில் விளங்கப்படுத்திய பிறகே கையொப்பமிடுங்கள்.

மூன்றாவது விடயம் ஆயத்தம். நவம்பர் 1 இல் அனுப்பும் விண்ணப்பம் ஒக்டோபர் வரையான பிள்ளையைத்தான் காட்டும். எஸ்.ஏ.ரி. எழுதி முடித்திருக்க வேண்டும். எம்.ஐ.ரி. 2022 இலும், யேல், டார்ட்மத், பிரவுண், ஹார்வார்ட் 2024 இலும் பரீட்சைப் புள்ளி மீண்டும் தேவை என்று அறிவித்துவிட்டன. கட்டுரை மூன்று நான்கு தடவை திருத்தி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத ஒரு மாதமாவது கொடுத்திருக்க வேண்டும். பத்தாம், பதினோராம் வகுப்பில் கொஞ்சம் சறுக்கி, இப்போது மேலே வந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதம் தங்கம். அவளுடைய புதிய பெறுபேறுகள் ஜனவரியில் அவளுக்காகக் கதைக்கும். அப்படியான பிள்ளையை நவம்பருக்கு அவசரப்படுத்த வேண்டாம். பதறாத காரியம் சிதறாது.

ஆகவே பெற்றோருக்கு நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். அந்தப் பல்கலைக்கழகம் பிள்ளையின் உண்மையான முதல் விருப்பமா, மற்ற எல்லா இடங்களையும் விட? ஒக்டோபர் கடைசியில் அவளுடைய விண்ணப்பம் அவளால் முடிந்த மட்டும் நன்றாக இருக்கிறதா? வரக்கூடிய செலவை ஒப்பிட்டுப் பார்க்காமலே கட்ட எங்களால் முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் கட்டுப்படும் முன்விண்ணப்பம் செய்யுங்கள். ஒன்றுக்காவது இல்லை என்றால், கட்டுப்படாத முன்விண்ணப்பமோ வழமையான விண்ணப்பமோ போதும். விண்ணப்பம் ஆயத்தமாக இருந்தால், கட்டுப்படாத முன்விண்ணப்பத்தில் இழப்பு ஒன்றுமில்லை.

முதலாவது கேள்வியில் ஒரு சொல் முக்கியம்: 'பிள்ளையின்'. பெரியப்பாவின் மகள் போன இடம், கோயிலில் கதைக்கும்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர், இவை பிள்ளையின் விருப்பம் அல்ல. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விருப்பம் இன்னும் வராமலும் இருக்கலாம். அது குறையல்ல. இன்னும் யோசிக்கிறாள் என்பதுதான் பொருள். யோசிக்கிற பிள்ளையை ஒப்பந்தத்தில் கட்ட வேண்டாம். அவளைத் தனியே கூப்பிட்டு, காசுக் கணக்கையும் ஒளிக்காமல் காட்டிக் கதையுங்கள். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளை பொறுப்பாகவே முடிவெடுப்பாள்.

பிரித்தானியாவில் இருக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல்மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒக்டோபர் 15 முடிவுத் திகதி. அது ஒரு நாட்கணக்கு மட்டுமே, கட்டு அல்ல. ஒரே வருடத்தில் ஒக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டிசம்பரில் மூன்று விதமான பதில் வரலாம். இடம் கிடைக்கலாம், மறுக்கப்படலாம், அல்லது வழமையான சுற்றில் மீண்டும் பார்க்கிறோம் என்று ஒத்திவைக்கப்படலாம். ஒத்திவைத்தால் பிள்ளை கட்டிலிருந்து விடுபடுகிறாள். புதிய பெறுபேறுகளை அனுப்பலாம். அந்த நாள் வீட்டில் யாரும் பிள்ளையை மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கதைக்க வேண்டாம். நூற்றுக்குப் பதினான்கு பேருக்குக் கிடைத்தது என்றால் எண்பத்தாறு பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

கடைசியாக, எங்கள் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பாடசாலையிடம் கேட்கும் அறிமுகப் பத்திரத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்து அதிபர் அலுவலகத்துக்குக் கொடுப்போம். சாதாரணதரம், உயர்தரம் என்றால் என்ன, இசட் புள்ளி என்றால் என்ன, எங்கள் கல்லூரியில் என்ன பாடங்கள் உண்டு என்று இரண்டு பக்கத்தில் எழுதினால், ஒவ்வொரு வருடமும் அதைத் திருத்திப் பாவிக்கலாம். மற்றது, செப்டெம்பர் மாதத்தில் கிளைகளிலிருந்து அனுபவமுள்ள ஐந்தாறு பேர், விண்ணப்பிக்கும் பிள்ளையோடும் பெற்றோரோடும் ஒரு மணித்தியாலம் தமிழில் இருந்து கதைப்போம். நான் என் பெயரை முதலாவதாகத் தருகிறேன். காசு கொடுத்து ஆலோசகர் வைக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அறிவு தானாகவே கிடைத்துவிடுகிறது. எங்கள் கல்லூரிப் பிள்ளைக்கு அது அக்காமாரிடமிருந்து கிடைக்கட்டும்.

 இந்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் என் வாழ்த்துகள். எங்கள் கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.